முகத்துக்கு மணி சொன்னவர்

தர்மபுரி மாவட்டத்திலேயே சூரியனிடம் வேலை வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். நாங்களெல்லாம் சூரியனுக்குப் பயந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நிழல் பார்த்து நடந்தவர்கள். அவர் மட்டும் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "சித்த நேரம் பொறுத்துக்க" என்று பேசுவார். மேகத்திடம் சொன்னாரா, சூரியனிடம் சொன்னாரா என்பது எங்களுக்குத் தெரியாது. யாரிடம் சொன்னாலும் கேட்டுக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் கம்பைநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நிலக்கடலை போடுகிற கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். கம்பைநல்லூரில் அது யாருக்கும் தெரியாது. நாலுமணி என்றால்தான் தெரியும். அவருக்கு உடம்பு சரியில்லாதபோது பங்குச் சாமியாரே பூசையில் 'நம் சகோதரர் நாலுமணிக்காக' என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆண்டவருக்கு ஆளை அடையாளம் தெரிந்திருக்கும்.

தொழில் போட்டோ பிடிப்பது. உழவு, களையெடுப்பு போக மிச்ச நேரத் தொழில். அவருடைய கேமராவை முதலில் பார்த்தபோது, யாரோ பிஸ்கட் டப்பாவுக்குக் கறுப்புச் சாயம் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஊரில் அதற்குப் பெயரே 'பொட்டி'. சதுரமான பெட்டி, முன்னால் ஒரே ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி. கொக்கியை இப்படித் தள்ளினால் படம் விழும். பிலிம் சுருளை நகர்த்தும் சாவியைத் தவிர வேறு திருகவோ முறுக்கவோ ஒன்றும் கிடையாது. மூடி சரியாக மூடாததால் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பட்டை போட்டிருந்தார். ஒரு மூலையில் வெளிச்சம் ஒழுகியது என்று பஞ்சர் ஒட்டுகிறவரிடம் போய் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பஞ்சர் கடைக்காரர் பழக்க தோஷத்தில் பெட்டியைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கப் போக, இவர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டதை ஊரே பார்த்தது.

இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அதிகாரம் இருக்கிறதே, கலெக்டர் பண்ணியிருக்க மாட்டார்.

நாலுமணி என்று பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். ஊரில் ஒரு பெரிய பண்ணைக்காரர் இருந்தார். அவர் தெருவில் வந்தால் நாய்கள் எழுந்து நின்று வழிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை சிரிப்பார், அதுவும் யாராவது தடுக்கி விழுந்தால்தான். அவர் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, உச்சிவெயிலில் தலைப்பாகை, ஜரிகைத் துண்டு சகிதம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆள் விட்டார். நம்மவர் வந்தார். அவரைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இப்ப ஆவாதுங்க. உங்களது நாலு மணி மூஞ்சிங்க. அப்ப வர்றன்."

"என்னாது?"

"ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஒரு மணி இருக்குதுங்க. உங்களுக்கு நாலு. இந்நேரத்துக்கு எடுத்தா கண்ணு ரெண்டும் குழியா விழுந்து, பாக்கறவங்க பயந்துக்குவாங்க."

பண்ணைக்காரரிடம் அப்படிப் பேசிவிட்டு முழுசாகத் திரும்பி வந்த முதல் மனிதர் அவர்தான். நாலு மணிக்குப் போனார், மேகம் மூடிவிட்டது. மறுநாள் போனார், பண்ணைக்காரர் கோபமாக இருந்தார். "கோவம் வடியட்டுங்க" என்று திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் நாலு மணிக்கு, பண்ணைக்காரர் கட்டுத்தறியில் கன்றுக்குட்டியின் காதைச் சொறிந்துகொண்டிருந்தபோது கொக்கியைத் தள்ளினார். ஒரே ஒரு படம். தலைப்பாகை கிடையாது, ஜரிகைத் துண்டு கிடையாது. படத்தைப் பார்த்த பண்ணைக்காரரின் மனைவி, "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இவரு இப்படித்தான் இருந்தாரு" என்றாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் நாலு மணிக்குத்தான் போய்க் கேட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு என் மணி என்ன, உன் மணி என்ன என்று கிளம்பிவிட்டார்கள். டீக்கடைக்காரர் காலை ஆறே முக்கால். மிட்டாய்க் கடைக்காரர் பத்தரை. தலைமை ஆசிரியருக்கு 'மழை வர்றதுக்கு முன்னாடி' என்று சொல்லிவிட்டதால் அவர் ஐப்பசி வரை காத்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களிடமே "பொண்ணு அஞ்சே காலுங்க" என்று பெருமையாகச் சொல்கிற நிலைமை வந்தது. யாருக்காவது ஏழரை என்று வந்துவிட்டால்தான் சங்கடம். ஏழரையைச் சனியன் என்று ஊரே ஒதுக்கி வைத்திருக்கும்போது யார் ஒப்புக்கொள்வார்கள்? அவர்களிடம் மட்டும் "எட்டுக்கு அரை மணி முன்னாடி" என்பார்.

நான் அந்த ஊர்த் தபால் ஆபீசில் குமாஸ்தா. அறுபதுகளின் கடைசி. சொந்த ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். போஸ்ட்மாஸ்டருக்கு அடுத்த பெரிய அதிகாரி நான்தான். ஏனென்றால் போஸ்ட்மாஸ்டரையும் என்னையும் விட்டால் அங்கே ஒரு தபால்காரரும் ஒரு பல்லியும்தான் இருந்தார்கள். பிலிம் சுருள், படம் கழுவுகிற மருந்து, தாள் எல்லாம் நாலுமணி பெயருக்குப் பார்சலில் வரும். வாரம் இரண்டு தடவை வருவார். வந்தால் பார்சலை வாங்கிக்கொண்டு போகமாட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்ப்பார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார்.

"என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல தம்பி. உங்களுக்கு என்ன மணின்னு புடிபடவே மாட்டேங்குது."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஊரில் எருமைக்கெல்லாம் மணி இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. என் இடது கண் கொஞ்சம் சுதந்திரமான கண். வலது கண் கம்பைநல்லூரைப் பார்த்துக்கொண்டிருந்தால் இடது கண் அரூரைப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கண்ணால் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கிற வரைக்கும்.

என் அக்கா வீட்டுக்காரர்தான் பெண் தேடும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மாமா எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். என்னைத் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு ஸ்டூடியோ. உள்ளே போனால் நாலு பக்கமும் விளக்கு, வெல்வெட் திரை, அன்னப்பறவை நீந்துகிற குளம் எழுதிய சீலை, கையில் பிடித்துக்கொள்ள ஒரு டெலிபோன். மூன்று காலில் நின்ற கேமரா என் தங்கையைக் கட்டிக்கொடுத்த செலவைவிட அதிகம் பிடித்திருக்கும். போட்டோக்காரர் என் கண்ணைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "டச்சப் பண்ணிக்கலாங்க" என்றார்.

பண்ணினார். பென்சிலை வைத்துத் தேய்த்து என் இடது கண்ணை நேராக்கிவிட்டார். கூடவே கன்னத்தையும் கொஞ்சம் உப்ப வைத்து, மூக்கையும் சீர்செய்திருந்தார். படம் வந்தபோது அக்கா கேட்டாள், "இவரு யாருங்க, நல்லா இருக்காரே, இவருக்குக் கட்டிக்குடுக்க நம்ம சொந்தத்துல பொண்ணு இருக்குதா?"

அந்தப் படம் மூன்று பெண் வீடுகளுக்குப் போனது. மூன்று வீட்டிலும் பிடித்துப்போனது. மூன்று வீட்டாரும் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். நான்தான் என்று தெரிந்ததும் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, "வூட்டுக்குப் போயிக் கடுதாசி போடறங்க" என்று எழுந்தார்கள்.

மாமா ஊருக்குத் தபால் ஒழுங்காக வராது. நான் தபால் ஆபீசிலேயே இருக்கிறேன் என்பதால் என் விலாசத்தையே கொடுத்திருந்தார். ஆகவே கடுதாசி எனக்கே வரும். கவரைப் பிரிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. கையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும். உள்ளே போட்டோ இருக்கிறது, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். மேலே 'போட்டோ இருக்கிறது, மடக்கக்கூடாது' என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கவரில் கம்பைநல்லூர் முத்திரையை என் கையாலேயே குத்தி, எனக்கு நானே பட்டுவாடா பண்ணிக்கொள்ளும் பாக்கியம் வேறு எந்த மாப்பிள்ளைக்குக் கிடைத்திருக்கும்?

மூன்றாவது பெண்ணின் அப்பா மட்டும் கடுதாசிக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது நேராகவே சொல்லிவிட்டார். "கண்ணு கெடக்குது தம்பி, அதொண்ணும் பெருசில்ல. மொத போட்டோவுலயே மறைக்கறவரு பொறவு என்னென்ன மறைப்பாருன்னுதான் யோசனையா இருக்குது."

கண்ணைச் சொன்னவர்கள் எத்தனையோ பேர், பழகிப்போயிருந்தது. பொய்யன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இனி எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா என் பேச்சைக் கேட்டுக்கொண்டே நாலாவது இடத்துக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே இன்னொரு சங்கதியைச் சொல்லவேண்டும். அந்தச் சமயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு விவசாய அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் அவருக்கு ஒரு வெளிநாட்டுக் கேமரா கொடுத்திருந்தார். தோல் உறைக்குள் தோல் உறை. கண்ணாடி மட்டும் மூன்று, மாற்றி மாற்றிப் போடலாம். அவர் அதைத் திறந்து மூடுவதைப் பார்க்கவே தபால் ஆபீசில் கூட்டம் கூடும். சித்தேரி மலையில் தினை, சாமை விளைச்சலைப் படம் பிடித்து மேலே அனுப்பச் சொல்லி உத்தரவு. நாலுமணியையும் கூட வரச் சொன்னார். பஸ் மலையேறும்போது அதிகாரிக்கு மனசு தாராளமாகிவிட்டது.

"நாலுமணி, இந்த ஓட்டைப் பொட்டியிலயே நீ இவ்வளவு செய்யறியே. இதைக் கையில குடுத்தா எங்கயோ போயிருவ. இன்னைக்கு நாம மாத்திக்கலாம்."

மாற்றிக்கொண்டார்கள். நாள் முழுக்க மலையில் சுற்றினார்கள். வழக்கம்போல நாலுமணி அந்தி சாய்கிற வரை ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே ஒரு படம் எடுத்தார். கதிர் அடிக்கிற களத்தில் தூசி எழும்ப ஒரு பெண் முறத்தைத் தூக்கிப் புடைக்கிற படம். அந்தத் தினை ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல இருந்தது. ஆனால் அது அவர் பெட்டியில் எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது. நாலுமணியின் பெட்டியில் அதிகாரி எட்டுப் படம் எடுத்தார். எட்டிலும் அவருடைய கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

அதிகாரி வெட்கப்படாமல் சிரித்தார். "சரி, என்னுது எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு" என்று கேட்டார்.

நாலுமணி அந்தக் கேமராவைத் துண்டால் துடைத்து, மரியாதையாக நீட்டினார். "ரொம்ப நல்ல சாமானுங்க சார். எல்லாம் இருக்குது. எங்க போயி நிக்கறது, எந்நேரம் வரைக்கும் நிக்கறதுன்னு மட்டும் அதுல போடலீங்க."

இதை அவர் தலைக்கனத்தில் சொல்லவில்லை. உரமூட்டையில் இந்தச் சத்து குறைகிறது என்று ஒரு விவசாயி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

இனி என் கதைக்கு வருகிறேன். தபால் ஆபீசுக்கு நேர் எதிரில் ஓர் எண்ணெய்க் கடை. அதன் சுவர் காலகாலமாக எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறி, எருமை முதுகு நிறத்தில் இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் நாலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எஞ் செவுத்துக்கு நீ எதுக்குய்யா சுண்ணாம்பு அடிக்கற?"

"உங்க செவுத்துல வந்து விழற வெயிலெல்லாம் வீணாப் போவுதுங்க."

"வெயிலு வீணாப் போனா உனக்கென்ன?"

"மனசு கேக்கலீங்க."

கடைக்காரருக்குச் சும்மா கிடைத்த வெள்ளை. அதற்கு மேல் கேட்கவில்லை. ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன்.

அடுத்த சந்தை நாள். சந்தை நாளில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடுதாசி படித்துச் சொல்வது. சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பெண் வந்திருந்தாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன். மூன்று மாசமாகக் கடுதாசி இல்லை. ஒவ்வொரு சந்தைக்கும் வந்து ஜன்னலில் நிற்பாள், இல்லை என்று தலையாட்டுவேன், போய்விடுவாள். அன்றைக்கு வந்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். கதவோரமாகத் தபால் மூட்டை மேல் நாலுமணி உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் எங்காவது உட்கார்ந்திருப்பவர் என்பதால் நான் கவனிக்கவில்லை.

பிரித்துப் படித்தேன். யாரையோ விட்டு எழுதியிருக்கிறான். கையெழுத்து கோழி கிளறின மாதிரி. நலம், நலமறிய ஆவல் எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வந்தது. 'காலில் கல் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன்' என்பது வரை படித்துவிட்டேன். அடுத்த வரி புரியவில்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் மூச்சுக்கூட விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல் அப்படியே நின்றது. அந்த அமைதியில் எங்கேயோ 'டிக்' என்று கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு 'டிக்'.

பிறகு வரி புரிந்தது. "'இப்போது நடக்கிறேன், விதைப்புக்கு ஊர் வந்துவிடுவேன்'ன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நாலுமணி எழுந்து என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, உங்களுக்குப் பத்தே கால். இத்தன நாளா நேர் வெயில்ல தேடிட்டு இருந்தன், அதான் சிக்கல. உங்களுக்கு நேர் வெயிலு ஆவாது. எதிர்ச் செவுத்துல பட்டுத் திரும்பி வர்ற வெயிலுதான். செவுரு அழுக்கா இருந்துச்சா, உள்ள இருட்டா இருந்துச்சு. அதான் வெள்ளையடிச்சன்."

"இந்த இருட்டுல பொட்டியில எப்படிங்கண்ணா விழும்? படம் ஆடிப்போயிருமே."

"மூட்டை மேல வெச்சு, கொக்கியை ரெண்டு எண்ற வரைக்கும் தொறந்து வெச்சன். நீங்களும் அசையல, அந்தப் புள்ளையும் அசையல. கடுதாசி கேக்கறவங்க அசைய மாட்டாங்க தம்பி. நான் எத்தன சந்தையா பாத்துட்டு இருக்கறன்."

மூன்று நாள் கழித்துப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். என் கண்ணை அவர் கொஞ்சம்கூட மறைக்கவில்லை. அது எப்போதும்போலத் தன் பாட்டுக்குத் தனியாகத்தான் போயிருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்த இடம் அப்படி. வலது கண் கடுதாசியைப் பார்க்கிறது. இடது கண் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்க்கிறது. படிக்கும்போதே, கேட்கிறவளுக்கு என்ன ஆகிறதோ என்று கவலைப்படுகிற ஒரு மனிதன் அந்தப் படத்தில் இருந்தான். அவளுடைய விரல்களும் கன்னத்தின் ஓரமும் மட்டும்தான் தெரிந்தன. அதுவே போதுமாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக என் முகத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

மாமாவிடம் காட்டினேன். "கண்ணு அப்படியே தெரியுதே. இதைப் போயி எவனாவது பொண்ணு வூட்டுக்கு அனுப்புவானா?" என்று சொல்லிவிட்டு, ஸ்டூடியோ படத்தையே கவருக்குள் வைத்து, நாலாவது இடத்துக்கு விலாசம் எழுதி, "ஒட்டித் தபாலில சேத்துடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒட்டாத கவர் இன்னும் தபாலாகவில்லை என்பது என் தனிப்பட்ட சட்ட அபிப்பிராயம். அன்னப்பறவைக் குளத்தை வெளியே எடுத்துவிட்டு, எதிர்ச் சுவர் வெளிச்சத்தை உள்ளே வைத்தேன். வேண்டாம் என்றால் என்னையே வேண்டாம் என்று சொல்லட்டும், யாரோ ஒரு டெலிபோன்காரனைச் சொல்ல வேண்டாம். ஒட்டி முத்திரை குத்தினேன். அன்றைக்குக் குத்தியதில் முத்திரை கவரைத் தாண்டி மேஜையிலும் விழுந்திருக்கும்.

பதினெட்டு நாள். ஒவ்வொரு தபால் பையையும் அவிழ்த்ததும் விறைப்பான கவர் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். நாலுமணி தினமும் வந்து ஜன்னலில் நிற்பார். நான் தலையாட்டுவேன்; போய்விடுவார். பத்தொன்பதாம் நாள் கவர் வந்தது. எடுத்தேன். கவர் வளைந்தது. இன்னொரு தடவை வளைத்துப் பார்த்தேன். நன்றாக வளைந்தது. உள்ளே போட்டோ இல்லை. படத்தை அவர்களே வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று பெண்ணின் அப்பா உள்ளே நுழைந்ததும் என்னை உற்றுப் பார்த்தார். அவர் பின்னால் வந்தவர்களிடம் திரும்பி, "போட்டோவுல இருக்கற அதே ஆளுதான்" என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான். மாமாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவருக்குக் கடைசி வரை சொல்லவில்லை.

படம் வந்த அன்று அவர்கள் வீட்டில் நடந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி சொன்னாள். "அப்பா கண்ணைக் காட்டிக் கொஞ்சம் யோசிச்சாரு. நான்தான் சொன்னன், அது ஒண்ணுமில்லீங்கப்பா, இவரு கடுதாசி படிக்கறப்பவே அந்தப் பொண்ணு மூஞ்சியையும் பாத்துக்கறாரு, அதான் அப்படின்னு."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. கோழிக் கிளறலில் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். பார்த்தது என் கண்; நான் இல்லை. இதை இத்தனை வருஷமாக வீட்டில் சொன்னதில்லை. இந்த இதழ் வருகிற வாரம் பேப்பர் கடைக்காரரிடம் எங்கள் வீட்டுக்குப் போடவேண்டாம் என்று சொல்லிவைக்கவேண்டும். ஆனால் ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, யாருக்குக் கடுதாசி படித்தாலும் ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் பார்த்தேன். படத்தில் இருந்த ஆளாக நான் மாறவேண்டியிருந்தது. வேறு வழியில்லை, அவனைப் பார்த்துத்தானே ஒருத்தி கழுத்தை நீட்டியிருக்கிறாள்.

கல்யாணம் நல்லம்பள்ளியில். மாமா ஏற்பாடு என்பதால் தர்மபுரி ஸ்டூடியோக்காரரே உதவியாளோடு வந்து இறங்கினார். பளிச் பளிச்சென்று பல்பு எரியும் கேமரா. கண்கூச இருபத்திநாலு படம் எடுத்தார். இருபத்திநாலிலும் நான் கண்ணை மூடியிருந்தேன். அதனால் என் கண் கோணல் ஒரு படத்திலும் விழவில்லை. டச்சப் செலவு மிச்சம்.

நாலுமணி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் பெட்டியைக் காணோம். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதம் பண்ண மேடைக்கு வந்தபோது கேட்டே விட்டேன்.

"பொட்டியைக் கொண்டாரலீங்களாண்ணா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொட்டி இருந்தா அதுக்குள்ளயே குனிஞ்சு பாத்துட்டு இருக்கோணும் தம்பி. இன்னைக்கு ஒரு நாளாச்சும் உங்க ரெண்டு பேரையும் நிமுந்து உக்காந்து பாக்கலாம்னு வந்தன்."

எங்கள் கல்யாணப் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஐம்பது வருஷமாக என் மனைவிக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. அன்றைக்கு எங்களை நன்றாகப் பார்த்தவர் ஒருவர் இருந்தார்.